கையைக் காட்டச் சொன்ன எர்லிந்தா

எர்லிந்தா என்கிற பெயரை நெரெய்தா முதன்முதலாகக் கேட்டது கல்யாணமாகி வந்த வருஷத்து டிசம்பரில், மாமியார் வீட்டுச் சமையலறையில் தமாலிக்கு மாவு தடவிக்கொண்டிருந்தபோது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஊறவைத்த சோளத்தோலை விரித்து, மாவைத் தடவி, பன்றிக்கறியை வைத்து மடிக்கிற வேலை. வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் மாமியார் செலோ, "ஐயையோ, எர்லிந்தா வந்துட்டா! எல்லாரும் கையை மறைச்சுக்கோங்கடி!" என்று கத்தினாள். மேசையே குலுங்குகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். வந்தது பக்கத்து வீட்டுக்காரன், ஐஸ் மூட்டையோடு.

"யாரு தோன்யா செலோ அந்த எர்லிந்தா?" என்று கேட்டாள் நெரெய்தா. மாமியாரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும்.

"என் பெரியம்மா மக. ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைங்களைப் பாக்குற நர்ஸு. ஞானஸ்நானம் கொடுக்க வந்த சாமியாரையே வாசல்ல நிறுத்தி, 'சாமி, கையைக் காட்டுங்க'ன்னு கேட்டவ. மோதிரத்தைக் கழட்டுற வரைக்கும் உள்ள விடல."

"பிஷப்பா?" என்றாள் ஒருத்தி.

"பிஷப்பா இருந்தா விரலையே கழட்டியிருப்பா."

மறுபடியும் சிரிப்பு. நெரெய்தாவும் சிரித்தாள். அவளுக்கு அப்போது அந்த ஆஸ்பத்திரி வாசல்கூடத் தெரியாது.

செலோவின் அம்மா யூஃபெமியாவும் எர்லிந்தாவின் அம்மா தொமாசாவும் கூடப்பிறந்தவர்கள். யூஃபெமியா நாட்டின் தெற்கு எல்லையோர ஊரான வெஸ்லகோவிலேயே வாக்கப்பட்டாள். தொமாசாவை எட்கௌச்சில் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் நிலம் கிடையாது, புலம் கிடையாது. வெயில் ஏறினதும் குடும்பத்தோடு லாரியில் ஏறி வடக்கே மின்னசோட்டாவுக்குச் சர்க்கரைக்கிழங்கு வயலில் களை எடுக்கப் போய்விடுவார்கள். எர்லிந்தாதான் மூத்தவள். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் தொமாசாவுக்குக் கடைசிப் பையன் மாசம் நிரம்பாமல் பிறந்தான், ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பிள்ளை போன பிறகும் அவளுக்குப் பால் நிற்கவில்லை. அதைப் பீய்ச்சி ஒரு கோப்பையில் எடுத்து எர்லிந்தாவிடம் கொடுத்து, "வாய்க்கால்ல ஓடுற தண்ணியில விட்டுட்டு வா. கண்ட குப்பையில கொட்டிடாத. குப்பைக்குப் போன பால், அடுத்த பிள்ளைக்கு ஊறாது" என்று சொல்வாளாம். எர்லிந்தா சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றிவிட்டு வருவாளாம். அந்தப் பெண்தான் பிற்பாடு கொட்டகை வாழ்க்கையை விட்டு, படித்து, நர்ஸாகி, குறைமாசப் பிள்ளைகளே கதி என்று கிடந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவனையும் கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்பாள் என்று செலோ சொல்வாள்.

நெரெய்தாவுக்கு ஏழாம் மாசம் பிறக்கும் முன்னாலேயே பனிக்குடம் உடைந்தது. புருஷன் ரொஹேலியோ மேற்கே எண்ணெய் வயலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். செலோதான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை அழக்கூட இல்லை, தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். எலேயாசர் என்று பேர் வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற தலை, வெங்காயச் சருகு மாதிரித் தோல், மூச்சுக்கு ஒரு குழாய், தொப்புள் வழியாக ஒரு குழாய்.

அவனைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் போனபோதுதான் எர்லிந்தாவை நேரில் கண்டாள். குள்ளமான பெண், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் காட்டு மீஹா."

மீஹா என்றால் மகளே என்று அர்த்தம். சொன்ன விதத்தில் மகளும் இல்லை, ஒன்றும் இல்லை. நெரெய்தா கையைக் காட்டினாள். கல்யாண மோதிரம் வீங்கின விரலில் புதைந்து கிடந்தது.

"இது வராது தீயா. பிரசவத்துல வீங்கிடுச்சு." மாமியாருக்கு அக்கா முறை, தீயா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"வரும்."

எர்லிந்தா சோப்பைக் குழைத்து, நூலைச் சுற்றி, கண்ணில் தண்ணீர் வருகிற வரை இழுத்து மோதிரத்தைக் கழற்றினாள். முழங்கை வரை தேய்க்க வைத்தாள். பின்னாலேயே வந்த செலோவின் கையைப் பார்த்தாள். செலோ ஈஸ்டருக்காக ஒட்டு நகம் வைத்திருந்தாள், ஊதா நிறத்தில்.

"நீ வெளிய இரு."

"என் பேரன்டி அவன்!"

"அதான் சொல்றேன். அந்த நகத்துக்கு அடியில ஒரு ஊரே குடியிருக்கு. பிச்சுப் போட்டுட்டு வா."

"நாற்பது டாலர் நகம்!"

"பேரன் எவ்வளவு?"

செலோ அன்று போனவள்தான், நகத்தைப் பிய்க்கவும் இல்லை, திரும்ப வரவும் இல்லை. போனில் மட்டும் வாய் ஓயாமல் திட்டினாள். நெரெய்தாவுக்கும் அந்த நர்ஸைப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே பிள்ளை கிடக்கிறான், யாரைப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

அன்றிலிருந்து நெரெய்தாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்காருவாள். மெஷின் ஒரு சத்தம் கொடுத்தால் எழுந்து நிற்பாள். பால் எடுக்கிற பம்ப் இருக்கிற அறைக்குப் போவாள், பாதியில் ஓடி வருவாள். கார் நிறுத்துகிற இடம் வரை போய் ரொஹேலியோவுக்குப் போன் போடுவாள், அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டு மறுபடி உள்ளே. ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை சோப்பு. கையெல்லாம் தோல் உரிந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை மூடிவிட்டார்கள். அங்கே போக வேண்டிய குழந்தைகளும் இங்கேயே வந்தன. இருக்கிற இடத்தில் இன்குபேட்டர்களை நெருக்கிப் போட்டார்கள். எலேயாசரின் இன்குபேட்டர் கை கழுவுகிற வாஷ்பேசின் பக்கத்திலேயே போயிற்று. அதற்கு அந்தப் பக்கம் யதீரா என்கிற பெண்ணின் குழந்தை. லா வியா ஊர்ப் பெண், பதினெட்டு வயதுதான் இருக்கும். ஒரு நர்ஸ் பார்க்கிற குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடிப்போயிற்று.

பிள்ளைக்குக் கொடுத்தது போக ஊசிக்குழலில் கொஞ்சம் பால் மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நெரெய்தா ஒருநாள் குப்பைத் தொட்டியை மிதித்துத் திறந்தாள். எர்லிந்தா ஓடி வந்து கையைப் பிடித்தாள். கையைத் தொட்டதற்காகத் தானும் போய்க் கழுவினாள், அது வேறு.

"இங்க குடு." வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பாலை மெதுவாக ஊற்றினாள். விரலால் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை. "இப்படித்தான் செய்யணும். ஓடுற தண்ணியில. குப்பையில போட்டா ஊறாது."

"எங்க அம்மாவும் சொல்வாங்க தீயா."

"நல்ல அம்மா."

எர்லிந்தா முதல்முறையாகச் சிரித்தாள். நெரெய்தாவுக்கு அழுகை வந்தது. இந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் கத்துகிற மெஷின்களுக்கும் நடுவே, நம்ம வீட்டு வார்த்தை ஒன்று காதில் விழுந்ததே என்று இருந்தது. யதீராவும் அப்படித்தான் ஊற்றினாள். அந்த அறையில் எல்லாத் தாய்மாரும் எர்லிந்தாவிடம்தான் கற்றுக்கொண்டார்கள். பால் எடுக்கிற பம்பின் சாமான்களையும் அங்கேயே அலசினார்கள்.

ஒரு காலை நெரெய்தா உள்ளே நுழைந்தபோது எலேயாசரின் நிறம் சாம்பலாக இருந்தது. மூச்சு விட மறந்து மறந்து விட்டான். சுற்றி நான்கு பேர். எர்லிந்தா அவனுடைய உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே, "மூச்சை விடுடா ராஜா, விடுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். தொப்புள் குழாயைப் பிடுங்கினார்கள். ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள். யதீராவின் குழந்தைக்கும் அதே நிறம்.

கல்ச்சர் முடிவு வருகிற வரை நெரெய்தா நடந்தாள். தாழ்வாரத்தில் நடந்தாள், மாதா படம் இருக்கிற சின்ன ஜெப அறைக்குப் போனாள், முழங்கால் போட்டு இரண்டு வார்த்தை சொல்வதற்குள் எழுந்தாள். வயிற்றில் தையல் இழுத்தது. செலோ வாங்கி அனுப்பின பார்பகோவா கறிப் பொட்டலம் பையிலேயே ஆறிப்போனது. கல்ச்சர் முடிவு வரும் முன்னாலேயே யதீராவின் பெண் குழந்தை போய்விட்டது. யதீரா கத்தவில்லை. குழந்தைக்குப் போட்டிருந்த குட்டித் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துபோனாள்.

முடிவு வந்தது. தண்ணீரிலும் ஈரத்திலும் வாழ்கிற கிருமி. டாக்டர் ஸ்ட்ராட்டன் என்று ஒரு உயரமான அம்மாள், அந்தப் பிரிவுக்குப் பெரியவர். "வெளியேயிருந்து யார் கொண்டுவந்தாங்கன்னு தெரியற வரைக்கும் தாய்மார்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்! அந்தப் பிள்ளைக்கு இருந்ததே நெரெய்தாவின் சுண்டுவிரல் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் அவன் துடிப்பு கொஞ்சம் அடங்கும் என்று நர்ஸுகளே சொல்லியிருந்தார்கள். இப்போது அவன் உள்ளே தனியாகச் சாம்பல் நிறத்தில் கிடக்க, இவள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றாளா, அதுவும் இல்லை. கண்ணாடிக்கும் லிஃப்ட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு கதவு, மெஷின், குழாய் என்று எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியே நின்ற தாய்மார்கள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகமாகப் பார்த்தார்கள். இவள் இருமினாளே, அவள் தங்கையைக் கூட்டி வந்தாளே என்று.

நெரெய்தாவுக்கு வேறொரு பயம். மெத்தைத் துணிக்கு அடியில் சான் ஹுவான் மாதாவின் பதக்கம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் சொருகியிருந்தாள். அதனால்தானோ? எர்லிந்தா வேலை முடிந்து வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே மறித்துக்கொண்டாள்.

"தீயா, நான்தான் கொன்னுட்டேன். மாதா பதக்கத்தை அவன் அடியில வச்சேன். தோன்யா செலோ கொடுத்தது. கழுவக்கூட இல்ல. அந்தச் சின்னப் பொண்ணும் என்னாலதான்..."

எர்லிந்தா அவள் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். "பதக்கத்தை அன்னிக்கே பாத்து எடுத்துக் கொதிக்க வச்சுட்டேன். உன் கைப்பையோட ஓர ஜிப்புக்குள்ள போட்டிருக்கேன். அதுல ஒன்னும் இல்ல."

"அப்ப எதுல தீயா?"

"வீட்டுக்குப் போ மீஹா. கொஞ்சம் தூங்கு."

சொன்னவளே போகவில்லை. லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள், வந்த லிஃப்ட்டை விட்டாள், மறுபடி அமுக்கினாள்.

மறுநாள் மத்தியானம் தாய்மார்கள் எல்லாரையும் தாழ்வாரத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்கு வரச் சொன்னார் டாக்டர் ஸ்ட்ராட்டன். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"கிருமி கிடைச்சிருச்சு. வாஷ்பேசின் ஓட்டைக்குள்ள. குழாயைக் கழட்டிப் பாத்தா உள்ள பால் ஏடு படிஞ்சு கிடக்கு. அந்தக் கிருமிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. மேல தண்ணி வேகமா விழும்போது தெறிக்குது. பக்கத்துல இருக்கற குழந்தைங்க மேல, பால் எடுத்து வைக்கிற மேசை மேல. பெரியவங்களுக்கு ஒன்னும் ஆகாது. இந்தக் குழந்தைங்களுக்கு எடை இல்ல, தோல் இல்ல, உடம்புக்குள்ள குழாய். கதவெல்லாம் திறந்து கிடக்கற வீடு மாதிரி." கொஞ்சம் நிறுத்தினார். "கை கழுவ மட்டும்னு அதுக்கு மேலயே எழுதி ஒட்டியிருக்கு. மிஞ்சின பாலுக்கு வேற தொட்டி இருக்கு. யார் ஊத்தினீங்க? தெரிஞ்சாத்தான் உங்களைத் திரும்ப உள்ள விடறதைப் பத்தி யோசிக்க முடியும்."

யார் என்று எல்லாருக்கும் தெரியும். எர்லிந்தா கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, நாளைக்கு அவள் கையிலேயே பிள்ளையைக் கொடுக்க வேண்டுமே என்கிற பயம் ஒருபக்கம். இத்தனை நாளும் பிள்ளையைப் பிள்ளையாய்ப் பார்த்தவள் என்கிற எண்ணம் ஒருபக்கம். ஒருத்தி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். நெரெய்தாவுக்கு உட்கார முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

எழுந்தாள். "நான் ஊத்தினேன் டாக்டர். என்னை வேணும்னா வெளிய வைங்க. மத்தவங்களை உள்ள விடுங்க."

"நெரெய்தா, உக்காரு" என்றாள் எர்லிந்தா.

"ஊத்தினேன்ல?"

"நான் சொல்லித்தான் ஊத்தின. இவங்க எல்லாரும் நான் சொல்லித்தான் ஊத்தினாங்க." டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "முதல்ல ஊத்தினது நான். நேத்தும் இன்னிக்கும் இல்ல, வந்த நாள்லேருந்து."

"எர்லிந்தா... நீயா?" டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அந்த எழுத்தை மத்தவங்களைப் படிக்க வைக்கிறதே நீதானே?"

"தினம் படிக்கிறேன். அது அழுக்குத் தண்ணிக்குச் சொன்னதுன்னு நெனச்சேன். பால் அழுக்கா? தாயோட பாலை எப்படிக் குப்பையில போடறது? இத்தனை பேர் நகத்துக்கு அடியில தேடினேன். நான் ஊத்தின இடத்தைப் பாக்கல." "தாய்ங்களை உள்ள விடுங்க. அவங்க மேல தப்பு இல்ல."

அன்றைக்கே எர்லிந்தாவை அந்தப் பிரிவிலிருந்து அனுப்பினார்கள். மாலைக்குள் வாஷ்பேசினை அடைத்து, இன்குபேட்டர்களைத் தள்ளிப் போட்டு, தாய்மார்களை உள்ளே விட்டார்கள். நெரெய்தா பெட்டியின் துவாரத்தில் கையை விட்டுச் சுண்டுவிரலைக் கொடுத்தாள். அவன் பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து விரல்கள் மெல்ல மூடின.

எலேயாசர் பிழைத்தான். சும்மா பிழைக்கவில்லை, இழுத்துப் பறித்துப் பிழைத்தான். உயிரைக் காப்பாற்ற ஏற்றின மருந்தாலா, ஜுரத்தாலா, யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, இடது காது கேட்காமல் போயிற்று.

அவன் மூச்சுக் குழாயை எடுத்த வாரம் எர்லிந்தா போன் செய்தாள். "என் வண்டி ஓட மாட்டேங்குது. லா வியாவுக்கு, அந்த யதீரா வீடு வரைக்கும் என்னைக் கொண்டு விடுறியா?" வண்டி நன்றாகத்தான் ஓடும், தனியாகப் போகத்தான் அவளுக்குத் தைரியம் இல்லை. நெரெய்தாவுக்கு அது தெரியும்.

வழியில் கரும்பு எரித்த வயல்களைத் தாண்டிப் போனார்கள். "உங்களைத் திட்டணும்னு தொண்டை வரைக்கும் வருது தீயா" என்றாள் நெரெய்தா.

"திட்டு."

"வரமாட்டேங்குது. இறங்கிப் போங்க, வீடு வந்துருச்சு."

யதீரா வலைக்கதவைத் திறக்கவில்லை. எர்லிந்தா படியிலேயே நின்று என்னவோ சொன்னாள். காரில் எஞ்சினை அணைக்காமல் இருந்த நெரெய்தாவுக்கு வார்த்தை கேட்கவில்லை. எர்லிந்தா கையை விரித்துக் காட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வலைக்குப் பின்னாலிருந்து யதீராவின் குரல் உரக்க வந்தது: "கேட்டுட்டேன். போயிடுங்க."

எர்லிந்தா வந்து உட்கார்ந்தாள். வண்டி வெஸ்லகோவுக்குத் திரும்பியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நெரெய்தாவின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. நர்ஸ் உரிமத்தைப் பறிக்கவில்லை, கண்டித்து எழுதினார்கள். குறைமாசக் குழந்தைகள் பக்கம் இனி வரமாட்டேன் என்று எர்லிந்தாவே சொல்லிவிட்டாள். குடும்பத்தில் எல்லாரும் செலோவின் வாயை எதிர்பார்த்தார்கள். எர்லிந்தாவைப் பற்றி இத்தனை வருஷமாகக் கேலி பேசினவள் ஆயிற்றே. செலோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள், அப்போதும் சாஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அது எர்லிந்தாவுக்கு வசவைவிட மோசமாக இருந்ததாம். "ஏதாவது சொல்லித் தொலையேன் செலோ" என்று அவளே கேட்டாளாம். "சாப்பிடு" என்றாளாம் செலோ.

எலேயாசருக்கு இப்போது நான்கு வயது, வலது பக்கம் நின்று கூப்பிட்டால் ஓடி வருவான். எர்லிந்தா எட்கௌச்சில், தன் தங்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ட்ரெய்லர் வீட்டில் தனியாக இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் மெர்சிடஸ் என்கிற ஊரில் ஒரு முதியோர் பகல் இல்லத்தில் வயதானவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறாள்.